மாரிகாலத்தில் கமக்காரரின் உடல்வலிமை

மார்கழி, தை மாதங்களில், இரவு குளிர்ந்து விடியற்காலையில் நெற்பயிரின் இலைகளிற் பனி படிந்திருக்கும் நாட்களில், எரிபந்த நோய் வயல்களில் எளிதாகப் பரவும் என்பதைக் கமக்காரர் அறிவர். ஒரே காற்றும் ஒரே பனியும் படும் இரு வயல்களுள் ஒன்று கருகி நிற்க, அடுத்தது பசுமை குன்றாது நிற்பதும் உண்டு. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலிற் பயிர் பார்வைக்குச் செழித்திருப்பினும், இலை மென்மையுற்று நோய்க்கு இடங்கொடுக்கின்றது. பசளைகளைச் சமநிலையாகப் பெற்ற பயிர் அந்நோயைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றது. நோய்வித்துகள் இரு வயல்களிலும் விழுந்தன. பயிரின் உள்வலிமையே வேறுபட்டது.

மனித உடலும் இத்தன்மையதே. காலபோகத்தின் களையெடுப்பும் மேற்கட்டுப் பசளை இடுதலும் நீர்காவலும் மழையும் குளிரும் மிகுந்த மாதங்களிலேயே நிகழ்கின்றன. அக்காலத்தில் குடும்பத்தின் உழைப்பாளி ஒருவர் பத்து நாட்கள் பாயில் விழுவாராயின், களை பயிரை மூடும். கூலிக்கு ஆள் தேடவேண்டும். மருந்துச் செலவும் சேரும். விதைநெல்லையும் பசளையையும் முன்னரே ஆயத்தம் செய்யும் கமக்காரர், தமது உடலையும் குடும்பத்தாரின் உடலையும் அவ்வாறே ஆயத்தம் செய்தல் வேண்டும். இதுவும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும்.

குளிர்காலத்தில் நோய் மிகுவது ஏன்?

குளிர் தானாகவே தடிமனையோ காய்ச்சலையோ உண்டாக்குவதில்லை. தடிமன், இன்புளுவென்சா முதலியவை வைரசுக் கிருமிகளால் வருபவை. ஆயினும் குளிர்ந்த காற்றை உட்கொள்ளும்போது மூக்கின் உட்பகுதி குளிர்ந்து, கிருமியை எதிர்க்கும் ஆற்றல் அவ்விடத்தில் மந்தமடைகின்றது. மழைநாட்களிற் கதவுகளையும் யன்னல்களையும் அடைத்து, குடும்பத்தினர் அனைவரும் ஒரே அறையில் இருப்பதால் ஒருவரின் இருமலும் தும்மலும் மற்றவரை எளிதில் அடைகின்றன. இலங்கையில் இன்புளுவென்சாக் காய்ச்சல் வழக்கமாக ஆண்டில் இருமுறை, ஏப்பிரல் முதல் யூன் வரையும் நவெம்பர் முதல் சனவரி வரையும், மிகுந்து காணப்படுகின்றது.

வடக்கிலும் கிழக்கிலும் மாரிமழையோடு நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சல் பரவுகின்றது. வெள்ளம் தேங்கிய வயல்களில் எலிக்காய்ச்சலும் தோன்றுகின்றது. மலைநாட்டிலோ, சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பகுதியின் தாழ்ந்த தோட்டங்களில் உறைபனி விழும் அதிகாலைகளிலும் மரக்கறிச் செய்கையாளர் வேலைக்கு இறங்கவேண்டியிருக்கின்றது.

குளிரின் வேகம் எத்தகையது என்பதை 2022 டிசெம்பரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கமக்காரர் நேரிற் கண்டனர். வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் நிலவிய அந்நாட்களில், திறந்த வெளியில் மழையிலும் குளிர்காற்றிலும் நனைந்து நின்ற மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் மாண்டன. காப்பின்றி நனைந்து, உடற்சூட்டை இழக்கும் உயிர் எதுவாயினும் அதன் வலிமை குன்றும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

உடலின் காவல்

உடலுக்குத் தோல் வயலின் வரம்பைப் போன்றது. வரம்பு உறுதியாக இருக்கும்வரை வெளிநீர் உள்ளே வராது; நண்டு துளைத்த ஒரு சிறு வழி போதும், நீர் புகுந்துவிடும். காலில் ஏற்படும் சிறு வெட்டும் வெடிப்பும் கிருமிகளுக்கு அத்தகைய வழியாகும். மூக்கு, தொண்டை, சுவாசப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வு இரண்டாவது வரம்பு எனலாம்.

இவ்விரண்டையும் கடந்து புகும் கிருமியைக் குருதியிலுள்ள வெண்குழியங்கள் எதிர்க்கின்றன. அவற்றுட் சில, கிருமியை விழுங்கி அழிக்கும். வேறு சில, அக்கிருமிக்கென்றே அமைந்த பிறபொருளெதிரி என்னும் பொருளைச் சுரக்கும். ஒருமுறை எதிர்த்த கிருமியை உடல் நினைவில் வைத்திருப்பதனால், அது மீண்டும் வரும்போது எதிர்ப்பு விரைவில் எழுகின்றது. தடுப்பூசியின் தத்துவமும் இதுவே.

இக்காவலை ஒரே நாளில் உண்டாக்க இயலாது. கதிர் வெளிவந்தபின் அடிக்கட்டுப் பசளை இடுவதால் என்ன பயன்? காய்ச்சல் வந்தபின் சத்துணவு தேடுவதும் அவ்வாறானதே. மழை தொடங்குவதற்கு முன்னரே உணவிலும் பழக்கத்திலும் கவனஞ் செலுத்தவேண்டும்.

உணவே முதற் பசளை

சோறு உழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தரும். ஆனால் சோற்றை மட்டும் வயிறு நிறைய உண்பது யூரியாவை மட்டும் இட்டுப் பயிர் வளர்ப்பதற்கு ஒப்பாகும். உண்ணும் அரிசியிலும் வேறுபாடு உண்டு. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி யின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் செல்கின்றது. பின்னர் தவிடு நீங்கினும் அச்சத்து முழுவதும் நீங்குவதில்லை. வெண்மையாகத் தீட்டிய பச்சையரிசியில் அது பெரிதும் குறைந்துவிடுகின்றது. சொந்த வயலில் விளைந்த நெல்லைப் புழுக்கி, அதிகந் தீட்டாது உண்ணும் குடும்பம் இவ்வகையில் நற்பேறுடையது.

வெண்குழியங்களும் பிறபொருளெதிரிகளும் உருவாகப் புரதம் வேண்டும். பயறு, கௌபி, உழுந்து, பருப்பு, சோயா அவரை, கச்சான் ஆகியவை எளிதிற் கிடைக்கும் புரத உணவுகள். சோற்றோடு இவற்றைச் சேர்த்து உண்ணும்போது ஒன்றிலுள்ள குறையை மற்றது நிரப்புகின்றது. காலபோக அறுவடையின் பின் வயலில் எஞ்சிய ஈரத்திற் பயறு விதைப்போர், விளைச்சல் முழுவதையும் சந்தைக்கு அனுப்பாது, அடுத்த மாரிக்கு வேண்டிய அளவை நன்கு உலர்த்தி வீட்டில் வைத்துக்கொள்ளுதல் நலம். நெத்தலி, சூடை, குளத்துமீன், முட்டை ஆகியவை புரதத்தோடு நாகச்சத்தையும் தருவன. இச்சத்துக் குறைந்தால் வெண்குழியங்களின் செயல் தளரும்.

உயிர்ச்சத்து ஏ, மூக்கு, தொண்டை முதலியவற்றின் மென்சவ்வைப் பழுதின்றிக் காக்கின்றது. முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, முளைக்கீரை முதலிய கடும்பச்சை இலைகளும், பூசணி, கரட், பப்பாசிப்பழம் முதலிய மஞ்சள், செம்மஞ்சள் நிறமுள்ளவையும் அதற்கு மூலமாகும். உயிர்ச்சத்து சி வெண்குழியங்களுக்கு உதவுவதோடு புண் ஆறுதற்கும் வேண்டியது. நெல்லிக்காய், கொய்யா, தோடம்பழம், தேசிக்காய் என்பவற்றில் இது உண்டு. கொய்யாப்பழத்தில் தோடம்பழத்திலும் ஏறக்குறைய நான்கு மடங்கு உயிர்ச்சத்து சி இருக்கின்றது. வேலியோரத்துக் கொய்யாவை அணிலுக்கும் வௌவாலுக்கும் விட்டு, நகரத்திலிருந்து விலைகொடுத்துப் பழம் வாங்கும் வழக்கம் பொருத்தமற்றது.

இரும்புச்சத்துக் குறைந்தவர் விரைவிற் களைப்புறுவர். அவரது எதிர்ப்பும் குறையும். உணவோடு அல்லது உணவு முடிந்தவுடன் தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. ஒரு மணித்தியாலம் கழித்து அருந்தினால் இத்தடை குறையும். இலைக்கறியிலே தேசிக்காய்ப் புளி விட்டு உண்டால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

சமையலில் இழக்கும் சத்து

தோட்டத்தில் விளைந்த சத்து அடுப்பங்கரையில் அழிந்துபோவதுண்டு. இலைக்கறியை அரிந்தபின் கழுவினாலும், மிகுந்த நீரில் அவித்து நீரை வடித்து ஊற்றினாலும் உயிர்ச்சத்து சி நீரோடு போய்விடும். நெடுநேரம் வேகவைத்தாலும் அது அழியும். ஆகவே முதலில் நன்கு கழுவி, சமைக்கும் வேளையில் அரிந்து, சிறிதளவு நீரிற் சில நிமிடங்களே வேகவைத்து இறக்கவேண்டும்.

உயிர்ச்சத்து ஏ கொழுப்போடு சேர்ந்தே உடலிற் சேரும். முருங்கையிலையைத் தேங்காய்த் துருவலோடு வறை செய்வதும், கீரையைத் தேங்காய்ப் பாலிற் சமைப்பதும் வாய்க்கு இனிமை தருவதோடு இத்தேவையையும் நிறைவேற்றுகின்றன. முன்னோரின் சமையல் முறை இவ்வகையில் அறிவுக்குப் பொருந்தியதே.

மாரிக்கேற்ற வீட்டுத்தோட்டம்

கடும்மழை தொடர்ந்தால் தோட்டங்களில் மரக்கறி அழுகிச் சந்தையில் விலை ஏறுகின்றது. உடலுக்கு இலைக்கறி மிகவும் வேண்டிய நாட்களிலேயே அது கிடைத்தற்கரிதாகின்றது. வீட்டுமுற்றத்திற் சிறிய இடமுள்ளோர் பின்வரும் முறைகளைக் கைக்கொண்டு இக்குறையைப் போக்கலாம்.

1. நீர் தேங்காதவாறு ஒரு சாண் உயரமான மேடைப்பாத்திகளை அமைத்து, கூட்டெரு இட்டு, முளைக்கீரை விதைக்கவேண்டும். மூன்று அல்லது நான்கு வாரங்களில் பறிக்கலாம். இரு வாரங்களுக்கு ஒருமுறை சிறு பாத்தியொன்றில் விதைத்துவந்தால் இடையறாது கீரை கிடைக்கும். மழைத்துளியால் நாற்றுச் சிதையாதிருக்க, அடர்த்தி குறைந்த கிடுகுப் பந்தலைச் சில நாட்களுக்கு மேலே அமைக்கலாம்.

2. பொன்னாங்காணியைத் தண்டுகளால் நட்டு, திரும்பத் திரும்ப வெட்டி எடுக்கலாம். வல்லாரை ஈரமான நிழலிடத்தில் நன்கு படரும். கழிவுநீர் வழிந்தோடும் வாய்க்காலோரத்தில் இவற்றை நடுதல் கூடாது. அத்தகைய இடத்து இலை மூலமாக வயிற்றோட்டக் கிருமிகள் உடலிற் சேரும்.

3. முருங்கை வேரிலே நீர் தேங்குவதைப் பொறுக்காது. ஆகவே உயர்ந்த மண்மேட்டில் அதன் தடியை ஊன்றவேண்டும்.

4. சிறுபோகத்தில் முற்றிய பூசணிக்காய்களைக் காம்புடன் வெட்டி, உலர்ந்த, காற்றோட்டமுள்ள, உயர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று படாது வைத்தால் மாரிகாலத்திற் பல வாரங்களுக்கு உதவும்.

5. வீட்டுத் தேவைக்குரிய பாத்திகளிற் பூச்சிநாசினி தெளிப்பதைத் தவிர்த்தல் நன்று. தெளிக்க நேர்ந்தால், போத்தலின் சுட்டுத்துண்டிற் குறித்த நாட்கள் கழியும்வரை பறித்தலாகாது.

உறக்கமும் உலர்ந்த உடையும்

நோயெதிர்ப்பு வலிமை குன்றுதற்கு உறக்கக் குறைவு ஒரு பெருங்காரணம். அமெரிக்காவில் நிகழ்ந்து 2015 இல் வெளியான ஆய்வொன்றில், தடிமன் வைரசை மூக்கில் இட்டபோது, இரவில் ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக உறங்கியவர்கள், ஏழு மணித்தியாலத்துக்கு மேல் உறங்கியவர்களிலும் நான்கு மடங்குக்கு மேலாக நோய்க்கு ஆளாகக்கூடியவராயிருந்தனர். யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இரவு முழுதும் பரணிற் காவலிருக்கும் கமக்காரருக்கு இது முக்கியமான செய்தி. ஒரே வெளியில் வயலுள்ளோர் முறைவைத்துக் காவல் காத்தால், ஒவ்வொருவருக்கும் வாரத்திற் பல இரவுகள் முழு உறக்கம் கிடைக்கும். காவலிருந்தவர் மறுநாட் பகலிற் சிறிது உறங்கவேண்டும். அதனைச் சோம்பல் எனக் குறைகூறலாகாது.

வயலில் நனைந்தவர் வீடு திரும்பியவுடன் ஈர உடையைக் களைந்து, தலையைத் துவட்டி, உலர்ந்த உடை அணியவேண்டும். பனிபடும் அதிகாலையில் தலையையும் நெஞ்சையும் மூடிச் செல்லுதல் நலம். தொய்வு உள்ளோர்க்கும் முதியோர்க்கும் இது இன்றியமையாதது. மழைநாட்களிற் சமையலறைப் புகை வீட்டினுள் அடைபடாதவாறு வழி வைக்கவேண்டும். விறகுப் புகை சிறுபிள்ளைகளின் சுவாசப்பையைப் பழுதாக்கி நியுமோனியாவுக்கு வழிவிடும். சுருட்டு, பீடி, சிகரெட் என்பனவும் அத்தீங்கையே விளைவிப்பன. குளிரைப் போக்கும் எனக் கருதி மதுவருந்துவோர் ஏமாறுகின்றனர். மது தோலின் குருதிக்குழாய்களை விரியச் செய்து உடலின் சூட்டை வெளியேற்றிவிடும்.

போத்தலில் அடைத்த வலிமை

நோயெதிர்ப்பு வலிமையை ஒரு கிழமையிற் கூட்டித் தருவதாகக் கூறும் பாணிகளும் மாத்திரைகளும் மாரிகாலத்தில் மிகுதியாக விற்பனையாகின்றன. 2020 டிசெம்பரில், கொவிட் பெருந்தொற்றின்போது, அந்நோயைத் தடுக்கும் எனச் சொல்லப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்குக் கேகாலை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கமாகக் கூடினர். பின்னர், அதனை அருந்தியவர்களிலும் நோய் தொற்றியோர் இருந்தனர். நோயைத் தடுக்க வந்த கூட்டமே நோய் பரவுதற்கு ஏற்ற இடமாயிருந்தது.

மல்லித்தண்ணீரும் இஞ்சியும் தொண்டைக்கு இதமளித்து உடலுக்கு நீரையும் சூட்டையும் தருவன. தடிமனுற்றவர் இவற்றை அருந்துவதில் தவறில்லை. இவை கிருமியைக் கொல்லும் என்று நம்பி, கடுங்காய்ச்சலை வீட்டிலே வைத்திருப்பதே தவறு. சாதாரண தடிமனுக்குப் பற்றீரியாக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளை வாங்கி விழுங்குவதும் பயனற்றது. வைரசு அவற்றுக்கு அடங்காது.

வலிமை மட்டும் போதாத இடம்

எதிர்ப்புவலிமை மிகுந்த நெல்லினமும் எல்லா நோய்க்கும் தப்புவதில்லை. அதுபோல நல்ல உடல்வலிமையுள்ள இளைஞரையும் எலிக்காய்ச்சல் சில நாட்களிற் கொல்லக்கூடும். 2008 இல் இந்நோய் இலங்கையில் பெருமளவிற் பரவி, 7,000 க்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். 2024 நவெம்பர் இறுதியிற் பெய்த கடும்மழைக்கும் வெள்ளத்துக்கும் பின்னர், டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒருவகைக் காய்ச்சலாற் பலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். ஆய்வு செய்தபோது அது எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது.

எலி, மாடு, எருமை, நாய் முதலியவற்றின் சிறுநீர் மூலம் இக்கிருமி சேற்றிலும் நீரிலும் கலந்து, காலிலுள்ள புண், வெடிப்பு வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடலிற் புகுகின்றது. இதனைத் தடுத்தற்குரிய வழிகளாவன:

1. புண் உள்ளவர், அது ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தல் வேண்டும். இறங்கியே ஆகவேண்டுமாயின் நீர் புகாதவாறு புண்ணை மூடி, இயன்றவிடத்துக் காலுறை அல்லது சப்பாத்து அணியவேண்டும்.

2. வேலை முடிந்ததும் வயல்நீரிலன்றித் தூய நீரிற் சவர்க்காரமிட்டுக் கைகால்களைக் கழுவவேண்டும். வாய்க்கால் நீரை வாய்க்கொப்பளித்தற்கும் பயன்படுத்தலாகாது.

3. வரம்புகளை ஒடுக்கமாக அமைத்து, பற்றைகளை வெட்டி, எலி வளைகளை அழிக்கவேண்டும். அயல்வயல்காரர் யாவரும் ஒரே காலத்தில் இதனைச் செய்தாலே முழுப்பயன் உண்டாகும்.

4. நோய் பரவும் காலத்தில் வயலில் இறங்குவோருக்கு, வாரத்துக்கு ஒருமுறை உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் என்னும் தடுப்பு மருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமும் இலவசமாக வழங்கப்படுகின்றது. அவர்களின் ஆலோசனைப்படியே அதனை உட்கொள்ளவேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் அதை முன்னரே தெரிவித்தல் அவசியம்.

திடீரெனக் கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசைகளில் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை எலிக்காய்ச்சலின் அறிகுறிகள். இவை தோன்றினால் ஒருநாளும் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, தாம் வயலில் வேலை செய்தவர் என்பதை வைத்தியரிடம் தாமாகவே சொல்லவேண்டும். அந்த ஒரு சொல் நோயை விரைவில் அறிதற்கு உதவும். "களையெடுப்பு முடியட்டும், பின்னர் பார்ப்போம்" என்று பொறுத்திருந்தால் நோய் சிறுநீரகத்தையும் சுவாசப்பையையும் தாக்கிவிடும்.

டெங்குப் பரவும் காலமாதலால் எந்தக் காய்ச்சலுக்கும் அசுப்பிரின் முதலிய வலிமருந்துகளைத் தாமாக உட்கொள்ளலாகாது. பரசிற்றமோலை உரிய அளவில் மட்டும் எடுக்கலாம். காய்ச்சல் இரு நாட்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரைக் காணவேண்டும். நீரிழிவு உள்ளோரின் எதிர்ப்புவலிமை ஏனையோரிலும் குறைந்ததாதலின், அவர்கள் மாரி தொடங்குமுன் குருதியிலுள்ள சீனியின் அளவைச் சோதித்துக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் வேண்டும். சேற்றுமண்ணில் வாழும் வேறு சில கிருமிகளும் அவர்களையே எளிதிற் பீடிக்கின்றன. முதியோரும் நீரிழிவு, தொய்வு உள்ளோரும் இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றியும், கத்தி, மண்வெட்டியாற் காயமுற்றோர் ஏற்பு ஊசி பற்றியும் வைத்தியரிடம் கேட்டறிதல் நலம்.

முடிவுரை

மேலே கூறியவற்றுட் பெரும்பாலானவை பணச்செலவு வேண்டாதவை. புழுங்கலரிசி வயலிலும், இலைக்கறி முற்றத்திலும், கொய்யா வேலியோரத்திலும் விளைகின்றன. உறக்கத்துக்கு அயலாரின் ஒத்துழைப்பும், தடுப்பு மருந்துக்கு ஒருமுறை பணிமனைக்குச் செல்லும் சிரமமுமே வேண்டுவன. நாற்று நட்ட நாள் முதல் பயிரின் நிறத்தைக் கவனித்து, ஓர் இலை பழுத்தாலும் காரணந் தேடும் கமக்காரர், தமது உடலின் தளர்ச்சியையும் பிள்ளைகளின் இருமலையும் அவ்வளவு கவனத்தோடு நோக்குவாராயின், தைமாதத்தில் அறுவடைக்கு வீட்டார் யாவரும் நலத்தோடு வயலில் இறங்குவர்.

வீட்டுத்தோட்டத்துக்குரிய விதைகள், நடுகைப் பொருட்கள் பற்றிய விபரங்களை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், தடுப்பு மருந்து பற்றிய விபரங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டறியலாம்.